நாடக மேடைக்கு வரும் ஆபத்தான பொருட்கள்: தென்னாப்பிரிக்காவில் முதல்முறை நாடகம் போடுபவர்களுக்கு ஒரு வழிகாட்டி

டர்பனிலோ, பீட்டர்மாரிட்ஸ்பர்க்கிலோ, ஜோகன்னஸ்பர்க் பக்கம் லெனேசியாவிலோ உங்கள் சபாவுக்காக முதல்முறை ஒரு நாடகத்தை மேடையேற்றப் போகிறீர்களா? யாருக்கு எந்த வேஷம் என்று பிரிப்பதற்கு முன்னால் இதைப் படித்துவிடுங்கள். நாங்கள் சூரசம்ஹாரம் போட்டபோது, வாடகைக்கு எடுத்த அரங்கம் தனக்கு என்னென்ன காகிதம் வேண்டும் என்பதைக் கடைசி நேரத்தில்தான் சொன்னது. அழைப்பிதழ் அச்சாகி, ஊரெல்லாம் வாட்ஸப்பில் சுற்றிய பிறகு, "புகை எந்திரத்தில் ஊற்றும் திரவத்தின் பாதுகாப்புத் தாள் எங்கே?" என்று ஒரு மின்னஞ்சல் வந்தது. அப்புறம் ஓடிய ஓட்டத்தில் தெரிந்துகொண்டதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வெடி, பெரிய தீப்பிழம்பு என்றால் எல்லோரும் பயப்படுவார்கள். அதனால் அதற்கு அனுமதி, ஆள், கண்காணிப்பு எல்லாம் எப்படியாவது வந்துவிடும். யாரும் பயப்படாத பொருட்களிடம்தான் சிக்கல் இருக்கிறது. தின்னர் டப்பா, எண்ணெய் துடைத்த துணி, தட்டில் எரியும் கற்பூரம், நெற்றியில் இடும் சிவப்புப் பொடி. இந்தக் கட்டுரையில் அவற்றுக்கே அதிக இடம் கொடுத்திருக்கிறேன்.

1. கதையைப் படித்துக்கொண்டே பட்டியல் போடுங்கள்

நாடகப் பிரதியைக் கையில் வைத்துக்கொண்டு காட்சி காட்சியாகப் போங்கள். எரிவது, புகைவது, தெளிப்பது, ஒட்டுவது, உடம்பில் பூசுவது, பொடியாகப் பறப்பது எதுவாக இருந்தாலும் எழுதுங்கள். பொருளின் பெயர், எவ்வளவு தேவை, எங்கே வைப்பீர்கள், யார் கையாள்வார் என்று நான்கு கட்டங்கள் போதும். மேடையில் தெரியாதவற்றையும் சேர்க்க வேண்டும். தட்டி, அதாவது காட்சிப் பின்னணிப் பலகை, அடிக்கும் இடத்தில் மரத்தூள், பெயிண்ட், பசை. ஒப்பனை அறையில் அசிட்டோன். மின்சாரம் போனால் ஓட்டும் ஜெனரேட்டருக்கான பெட்ரோல். லோட்ஷெடிங் குறைந்துவிட்டது என்று பெட்ரோலை விட்டுவிடாதீர்கள். மின்தடைக்கு லோட்ஷெடிங் மட்டுமா காரணம்?

பட்டியல் முடிந்ததும் ஒவ்வொரு வரிக்கும் ஒரே கேள்வி: இது இல்லாமல் இந்தக் காட்சி நடக்குமா? பாதி வரிகள் இங்கேயே அடிபட்டுப் போகும். எண்ணெய்ப் பெயிண்டுக்குப் பதில் தண்ணீர் பெயிண்ட் வாங்கினால் தின்னரே வேண்டாம். நிஜ விளக்குக்குப் பதில் பேட்டரி விளக்கு வைத்தால் தீக்கான காகிதமே வேண்டாம். ஒரு பொருளை விலக்கினால் அதற்குரிய தாள், பூட்டு, கையுறை, வாதம் எல்லாம் சேர்ந்து விலகும்.

அன்பளிப்புகளிடம் கவனமாக இருங்கள். நாடகம் போடுகிறோம் என்று கேள்விப்பட்டால் அங்கிள் ஒருவர் கராஜில் பல வருடமாகக் கிடந்த பெயிண்ட் டப்பாக்களைக் காரில் ஏற்றிக்கொண்டு வந்து இறக்குவார். லேபிள் போன டப்பா என்றால், என்ன மரியாதையாகச் சொல்வீர்களோ சொல்லி, வேண்டாம் என்று திருப்பிவிடுங்கள். பழைய பெயிண்டில் ஈயம் இருக்கலாம்; உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியாத பொருளுக்கு எந்த அரங்கமும் அனுமதி தராது.

2. ஒவ்வொரு பொருளுக்கும் தரவுத் தாள் வாங்குங்கள்

பாதுகாப்புத் தரவுத் தாள் என்பது தயாரிப்பாளரே தரும் ஆவணம். எஸ்.டி.எஸ். என்று கேட்டால்தான் கடையில் புரியும். எந்த நாட்டில் அச்சானாலும் இதில் 16 பகுதிகள் ஒரே வரிசையில் இருக்கும். எல்லாவற்றையும் படிக்கத் தேவையில்லை. பகுதி 2 என்ன ஆபத்து, பகுதி 4 முதலுதவி, பகுதி 5 தீப்பிடித்தால் எதைக் கொண்டு அணைப்பது, பகுதி 7 எப்படி வைப்பது, பகுதி 8 என்ன கையுறை, என்ன முகக்கவசம், பகுதி 13 மிச்சத்தை எப்படி ஒழிப்பது. இந்த ஆறையும் மஞ்சள் பேனாவால் கோடிட்டு வையுங்கள்.

2021-ல் வந்த ஆபத்தான வேதிப்பொருள் விதிகளின்படி, வேலைக்குப் பயன்படும் இப்படிப்பட்ட பொருளை விற்பவர் தாளையும் தர வேண்டும். நடைமுறையில் கடை கவுண்டரில் நிற்கும் பையனுக்கு இது தெரியாது. அவரிடம் சண்டை போட்டுப் பயனில்லை. டப்பாவில் உள்ள பொருளின் முழுப் பெயரையும் குறியீட்டு எண்ணையும் குறித்துக்கொண்டு, தயாரிப்பாளரின் இணையதளத்தில் தேடுங்கள். பிளாஸ்கான், டுலக்ஸ் போன்ற பெரிய பெயிண்ட் கம்பெனிகளின் தாள்கள் இலவசமாகவே கிடைக்கும். கிடைக்காவிட்டால் வாடிக்கையாளர் சேவைக்கு ஒரு மின்னஞ்சல் போட்டால் பெரும்பாலும் வந்துவிடும்.

சிக்கல் எங்கே வரும் என்றால், சென்னையிலிருந்து பெட்டியில் கொண்டுவந்த பொருட்களில். வண்ணப் பொடி, ஒப்பனைச் சாமான், பளபளப்புத் தூள் எதற்கும் தாள் இருக்காது. தாள் இல்லாத பொருளைப் பட்டியலிலிருந்து எடுத்துவிடுங்கள், அவ்வளவுதான்.

இன்னொன்று: ஒரு பொருளின் தாளை இன்னொரு பிராண்டுக்குக் காட்டாதீர்கள். "எல்லாத் தின்னரும் ஒன்றுதானே" என்று எங்கள் குழுவிலேயே ஒரு குரல் எழுந்தது. ஒன்றில் டொலுயீன் அதிகம், இன்னொன்றில் அசிட்டோன் அதிகம். முதலுதவியும் கையுறையும் மாறும்.

3. அரங்கத்துக்கான கோப்பு

இங்கே இதை 'சேஃப்டி ஃபைல்' என்பார்கள். 1993-ஆம் ஆண்டின் 85-ஆம் எண் தொழில் சுகாதாரப் பாதுகாப்புச் சட்டம்தான் இதற்கு அடிப்படை. "நாங்கள் தொண்டர்கள், சம்பளமே இல்லை, எங்களுக்கு ஏன் இதெல்லாம்" என்று கேட்கத் தோன்றும். கேட்காதீர்கள். அரங்கத்துக்குச் சம்பள ஊழியர்கள் இருக்கிறார்கள், பார்வையாளர்கள் வருகிறார்கள், அவர்களுக்கு ஏதாவது ஆனால் அரங்கம் பதில் சொல்ல வேண்டும். அதனால் அது உங்களிடம் காகிதம் கேட்கும்.

கோப்பில் பொதுவாக இருக்க வேண்டியவை:

முதலில் ஆபத்து மதிப்பீடு. காட்சி, பொருள், என்ன கேடு வரலாம், அதைத் தடுக்க என்ன செய்கிறீர்கள், பொறுப்பு யாருக்கு என்று ஒரு அட்டவணை. இரண்டு மூன்று பக்கம் போதும். இணையத்தில் கிடைக்கும் நாற்பது பக்க மாதிரியைப் பெயர் மாற்றிக் கொடுத்தால் திரும்பி வரும். கட்டடம் கட்டும் கிரேன் பற்றிய பக்கம் உங்கள் முருகன் நாடகத்தில் ஏன் இருக்கிறது என்று கேட்பார்கள்.

அடுத்தது, மேலே சொன்ன தரவுத் தாள்கள்.

பிறகு அந்தச் சட்டத்தின் 37(2) பிரிவின்படி போடும் ஒப்பந்தம். அரங்கத்துக்குள் நீங்கள் செய்யும் வேலைக்கான பாதுகாப்புப் பொறுப்பை நீங்கள் ஏற்கிறீர்கள் என்பது அதன் சாரம். கையெழுத்துப் போடுவதற்கு முன் படியுங்கள், அதிலும் சபாவின் சார்பில் யார் பெயர் போகிறது என்பதைப் பாருங்கள். ஒத்திகைக்கே வராத தலைவர் பெயரைப் போட்டுவிட்டு வேலையை வேறு யாரோ பார்ப்பது நம் சபாக்களில் சகஜம். அன்றைக்கு மேடையில் நிற்கப்போகிறவருக்கு அது நியாயமில்லை, தலைவருக்கும் நியாயமில்லை.

பொது இழப்பீட்டுக் காப்பீடு. விண்ணப்பத்தில் புகை உண்டு, நெருப்பு உண்டு என்று மறைக்காமல் எழுதுங்கள். மறைத்தால் பிரீமியம் குறையும். சம்பவம் நடந்தால் பணமும் வராது.

வேலையில் காயமடையும் ஊழியர்களுக்கான இழப்பீட்டு நிதியத்தின் நற்சான்றுக் கடிதம். சம்பள ஆள் இல்லாத சபாவிடம் இது இருக்காது; அதை முதல் மின்னஞ்சலிலேயே எழுத்தில் சொல்லிவிடுங்கள். ஆனால் நீங்கள் அமர்த்தும் ஒளி, ஒலி ஒப்பந்தக்காரரிடம் அவருடைய கடிதத்தின் நகல் வாங்கியே ஆகவேண்டும். தேதி முடிந்துவிட்டதா என்று பாருங்கள்.

முதலுதவிச் சான்றிதழ் வைத்திருப்பவர் பெயர். இந்தச் சான்றிதழுக்கு மூன்று வருடம்தான் ஆயுள். சபாவில் எப்போதோ படித்தவர் பலர் இருப்பார்கள், நடப்பில் உள்ளவர் ஒருவர்கூட இருக்கமாட்டார்.

திரைச்சீலைக்கும் தட்டிகளுக்கும் தீத்தடுப்புச் சான்று. இதைப் பற்றி ஐந்தாம் பகுதியில் சொல்கிறேன்.

லாப நோக்கமற்ற அமைப்பு என்ற பதிவுச் சான்றிதழ் இதில் எதற்கும் மாற்று ஆகாது. அதைக் கோப்பின் முதல் பக்கத்தில் வைத்துவிட்டு எல்லாம் முடிந்தது என்று நினைப்பவர்கள் உண்டு.

4. எப்போது தொடங்குவது

மூன்று மாதத்துக்கு முன் என்பது என் கணக்கு. முதல் மாதம் பட்டியலும் தாள்களும். இரண்டாம் மாதம் அரங்கம், காப்பீடு, தீயணைப்புத் துறை. மூன்றாம் மாதம் பயிற்சியும் ஒத்திகையும்.

பொங்கலுக்கோ தைப்பூசத்துக்கோ நாடகம் என்றால் இந்தக் கணக்கு ஒத்துவராது. டிசம்பர் நடுவிலிருந்து ஜனவரி தொடக்கம் வரை இந்த நாடு விடுமுறையில் போய்விடும். தொழிற்சாலை, சப்ளையர், அலுவலகம் எதிலும் பதில் வராது. காகிதம் எல்லாம் நவம்பருக்குள் கையில் இருக்க வேண்டும். தீபாவளிக்கு முன்னால் வேறு தொந்தரவு: அந்த வாரங்களில் பட்டாசு, கூடாரம், திருவிழா என்று எல்லோரும் ஒரே மேசைக்கு விண்ணப்பம் கொண்டுபோவார்கள்.

இடத்தைப் பொறுத்தும் மாறும். பிளேஹவுஸ் போன்ற தொழில்முறை அரங்கத்தில் தொழில்நுட்பப் பொறுப்பாளர் இருப்பார். கேள்வி கடுமையாக இருக்கும், ஆனால் வழி காட்டுவார். பள்ளிக்கூட மண்டபத்திலும் கோயில் மண்டபத்திலும் கேள்வியே வராது. எல்லாம் உங்கள் தலையில். கோயில் மைதானத்தில் கூடாரம் போட்டு நடத்தினால் நகராட்சியிடமும் தீயணைப்புத் துறையிடமும் போக வேண்டும். 2,000 பேர் அல்லது அதற்கு மேல் கொள்ளும் இடம் என்றால் 2010-ஆம் ஆண்டின் விளையாட்டு, பொழுதுபோக்கு நிகழ்ச்சிப் பாதுகாப்புச் சட்டம் வந்து சேரும். அப்போது காவல்துறையும் மேசையில் உட்காரும், மூன்று மாதம் போதாது.

தின்னர், பெட்ரோல், பாரஃபின் போன்றவற்றைக் குறிப்பிட்ட அளவுக்கு மேல் ஓரிடத்தில் வைக்க நகராட்சியின் அனுமதிச் சான்று வேண்டும். வரம்பு நகராட்சிக்கு நகராட்சி மாறும். நாடகத்துக்கு ஐந்து லிட்டருக்கு மேல் எதுவும் தேவைப்படாது. "மொத்தமாக வாங்கினால் மலிவு" என்பவர் பேச்சைக் கேட்காமல் இருந்தாலே போதும்.

5. தட்டி அடிக்கும் இடம்

மேடையைவிட இங்கேதான் அதிக நேரம் போகும், அதிக ஆபத்தும் இங்கேதான். யாரோ ஒருவர் வீட்டு கராஜ், இரவு நேரம், குளிருக்குக் கதவைச் சாத்தி வைத்திருப்பார்கள், பக்கத்தில் ஒரு ஹீட்டர்.

ஆவியும் தூசும் வேறு வேறு. சாதாரணத் தூசு மாஸ்க் மரத்தூளைத் தடுக்கும். தின்னர் ஆவியைத் துளியும் தடுக்காது. ஸ்பிரே பெயிண்ட், ஸ்பிரே பசை, தின்னர் மூன்றுக்கும் கரிம ஆவி வடிகட்டி பொருத்திய அரை முகக்கவசம் வேண்டும். தாடி இருந்தால் அது முகத்தில் சரியாக ஒட்டாது. விரதத்துக்குத் தாடி வளர்த்திருப்பவரை இந்த வேலைக்கு விடாதீர்கள். இதைவிட எளிய வழி, தெளிக்கும் வேலையை வெளியே வெயிலில் வைத்துக்கொள்வது. அசிட்டோன் பூஜ்யத்துக்குக் கீழே 20 டிகிரியிலேயே தீப்பிடிக்கும் அளவுக்கு ஆவி விடும். அந்த ஆவி காற்றைவிடக் கனமானது, தரையோடு ஊர்ந்து ஹீட்டரைப் போய்ச் சேரும்.

எண்ணெய் துணி. லின்சீட் எண்ணெய் கலந்த வார்னிஷ் துடைத்த துணியைக் கசக்கிக் குப்பைக் கூடையில் போட்டால், சில மணி நேரம் கழித்து அது தானாகவே பற்றிக்கொள்ளும். நெருப்புப்பொறி தேவையில்லை. எண்ணெய் காற்றோடு சேர்ந்து காயும்போது வெப்பம் வெளியாகிறது, கசங்கிய துணிக்குள் அந்த வெப்பம் போக வழியில்லை. இதைச் சொன்னால் யாரும் நம்பமாட்டார்கள். தரவுத் தாளின் பகுதி 7-ஐக் காட்டுங்கள். துணியை வெளியே ஒற்றையாக விரித்துக் காயவிடுங்கள், அல்லது தண்ணீர் நிரப்பிய மூடியுள்ள தகர டப்பாவில் போடுங்கள்.

ஊரில் தெர்மோகோல் என்போமே, அது இங்கே போலிஸ்டைரின். அசுரன் தலை, மலை, கோபுரம் எல்லாம் இதில்தான் செய்கிறோம். சூடான கம்பியால் அறுத்தால் வரும் புகையை மூச்சில் இழுக்கக்கூடாது. தீப்பிடித்தால் நிமிடத்தில் உருகிச் சொட்டும், கரும்புகை அரங்கத்தை நிரப்பும். வெறுமனே பெயிண்ட் அடித்து மேடையில் வைக்காதீர்கள். தீத்தடுப்புப் பூச்சு அடித்த பிறகுதான். டப்பாவிலிருந்து பீய்ச்சும் நுரையில் ஐசோசயனேட் இருக்கிறது, ஆஸ்துமா உள்ளவர் அந்தப் பக்கமே வரக்கூடாது.

பின்திரைக்குப் பழைய சேலைகளைத் தைப்பது நம் வழக்கம். பாலியெஸ்டர், நைலான் சேலை உருகிச் சொட்டும். பருத்தி வேகமாக எரியும். இரண்டுக்கும் தீத்தடுப்புத் தெளிப்பு வேண்டும். தெளித்துத் தரும் நிறுவனம் சான்றும் தரும், சதுர மீட்டர் கணக்கில் பணம். ஒருமுறை துவைத்தால் பெரும்பாலான பூச்சு போய்விடும், சான்றும் செல்லாது. தெளித்த பிறகு ஓரத்திலிருந்து ஒரு சிறு துண்டை வெட்டி, வெளியே வாளித் தண்ணீர் பக்கத்தில் வைத்து, இடுக்கியால் பிடித்துத் தீக்குச்சி காட்டிப் பாருங்கள். குச்சியை எடுத்ததும் ஓரிரு விநாடியில் தானாக அணைய வேண்டும், எரியும் சொட்டு விழக்கூடாது.

ஊற்றி வைப்பது. தின்னரையோ பாரஃபினையோ கூல்டிரிங்க் பாட்டிலில் ஊற்றி வைக்கக்கூடாது. ஒத்திகைக்குக் குழந்தைகள் வருகிறார்கள். இந்த நாட்டில் பாரஃபின் குடித்து ஆஸ்பத்திரிக்குப் போகும் குழந்தைகள் அதிகம். யாராவது குடித்துவிட்டால் வாந்தி எடுக்க வைக்காதீர்கள், நுரையீரலுக்குள் போனால்தான் பெரும் கேடு. விஷத் தகவல் தொலைபேசி 0861 555 777, இருபத்து நான்கு மணி நேரமும் உண்டு. சுவரில் பெரிதாக எழுதி ஒட்டுங்கள்.

கடைசியாக, கூரை. பழைய மண்டபங்களின் கூரையும் சுவர்த் தகடும் ஆஸ்பெஸ்டாஸாக இருக்கலாம். 2008-லிருந்து இங்கே ஆஸ்பெஸ்டாஸ் தடை செய்யப்பட்டிருந்தாலும், ஏற்கெனவே போட்ட கூரைகள் இன்னும் இருக்கின்றன. விளக்குத் தொங்கவிட டிரில் போடுவதற்கு முன் மண்டபப் பொறுப்பாளரிடம் எழுத்தில் கேளுங்கள். பதில் தெரியாது என்றால் டிரில் வேண்டாம். தரையில் நிற்கும் தூணில் விளக்கு மாட்டுங்கள்.

6. நெருப்பு

தீமிதியும் காவடியும் பார்த்து வளர்ந்த ஊர் இது. கேட்டோ மேனரில் புனித வெள்ளிக்குத் தீமிதி பார்த்துவிட்டு வந்தவரிடம் போய், ஒரு கற்பூரத் தட்டுக்குப் படிவம் நிரப்ப வேண்டும் என்றால் சிரிக்கத்தான் செய்வார். ஆனால் தீமிதி நடப்பது திறந்த வெளியில். அரங்கத்தில் மேலே திரை, பக்கத்தில் பாலியெஸ்டர் கட்டிய பெண்கள், பின்னால் தெர்மோகோல் மலை.

கற்பூர ஆரத்தி கட்டாயம் வேண்டும் என்றால் அதையும் ஆபத்து மதிப்பீட்டில் ஒரு வரியாகப் போடுங்கள். எத்தனை வில்லை, யார் ஏற்றுவார், எந்தப் பக்கம் வெளியேறுவார், பக்கவாட்டில் யார் தீப்போர்வையோடு நிற்பார். தட்டில் மணல் போட்டு அதன்மேல் கற்பூரம். ஏந்துபவர் பருத்தி உடை, முந்தானை செருகி. மிச்சக் கற்பூரத்தை ஒப்பனை மேசையில் போட்டுவிட்டுப் போகாதீர்கள். மிட்டாய் என்று நினைத்துச் சிறு குழந்தை வாயில் போட்டால் வலிப்பு வரும் அளவுக்கு விஷம்.

குங்கிலியத்துக்கு என் பதில், வேண்டாம். தெருக்கூத்தில் அசுரன் வரும்போது பந்தத்தில் குங்கிலியப் பொடியை வீசிப் பிழம்பு எழுப்புவார்கள், பார்க்கப் பிரமாதமாக இருக்கும். அது திறந்த வெளிக்கு, வழிவழியாகப் பழகிய கைக்கு. மூடிய அரங்கத்தில் செம்மஞ்சள் விளக்கு ஒன்றைத் தரையிலிருந்து மேல்நோக்கி வைத்து, அந்த நொடி புகையை ஒரு வீச்சு விட்டால் கூட்டம் அதே அளவு கத்தும்.

பொடி தூவுவதும் இதே கணக்குத்தான். மஞ்சள்தூள், சோளமாவில் செய்த வண்ணப்பொடி, எதுவாக இருந்தாலும் எரியக்கூடிய நுண்ணிய தூள் காற்றில் மிதக்கும்போது நெருப்புப் பட்டால் வெடிக்கலாம். 2015-ஜூனில் தைவானில் ஒரு கேளிக்கைப் பூங்கா நிகழ்ச்சியில் மேடையிலிருந்து வீசிய வண்ணச் சோளமாவு தீப்பற்றி 15 பேர் இறந்தார்கள், ஏறத்தாழ ஐந்நூறு பேர் காயமடைந்தார்கள். வெப்பமான விளக்கோ தீயோ இருக்கும் மேடையில் பொடி வேண்டாம், காகிதப் பூ தூவுங்கள். அதுவும் தீத்தடுப்புக் காகிதமாக.

வாண வெடி, பொறி ஊற்று போன்றவை வெடிபொருள் சட்டத்துக்குள் வருபவை. காவல்துறையின் வெடிபொருள் பிரிவுதான் கவனிக்கிறது. உரிமம் உள்ள ஆளைக் கூலிக்கு அமர்த்துங்கள்; அனுமதி வாங்குவது அவர் வேலை, உரிமத்தின் நகலைக் கேட்டு வாங்குவது உங்கள் வேலை. கடையில் விற்கும் தீபாவளிப் புஸ்வாணத்தை மேடையில் வைக்க நினைப்பவர் எல்லாக் குழுவிலும் ஒருவர் இருப்பார். காப்பீடு அந்த நொடியே செல்லாமல் போகலாம் என்பதை மட்டும் அவருக்குச் சொல்லுங்கள், மற்ற வாதம் எதுவும் எடுபடாது.

7. புகை

சாதாரணப் புகை எந்திரம் கிளைக்காலும் தண்ணீரும் கலந்த திரவத்தைச் சூடாக்கிப் புகையாக விடுகிறது. எந்திரத் தயாரிப்பாளர் சொல்லும் திரவத்தைத்தான் ஊற்ற வேண்டும். மணத்துக்காகச் சாம்பிராணித் தைலம் சில துளி விடலாமா என்றால், கூடாது. தரையில் ஒரு மெல்லிய வழுக்கல் படியும். வெறுங்காலில் ஆடும் பரதப் பெண்களுக்கு இது புகையைவிடப் பெரிய ஆபத்து. எந்திரத்தின் வாயிலிருந்து இரண்டு மூன்று மீட்டருக்குள் ஆட்டம் வைக்காதீர்கள், காட்சிக்கு இடையில் தரையைத் துடைக்க ஆள் வையுங்கள்.

புகை உணர்கருவி அலறும். அரங்கம் அதைத் தற்காலிகமாக நிறுத்தித் தரும், ஆனால் அதற்கு எழுத்தில் கோரிக்கை வேண்டும், அந்த நேரம் முழுக்கக் கண்ணால் கண்காணிக்க ஒருவர் வேண்டும். சில அரங்குகளில் அந்த ஆளுக்கும் மணிக்கணக்கில் கட்டணம். கருவியின்மேல் பிளாஸ்டிக் பை கட்டுவது குறுக்கு வழி. பிடிபட்டால் அத்தோடு அந்த அரங்கம் உங்களுக்கு இல்லை.

இனி டிரை ஐஸ். தரையோடு படர்ந்து மேகம்போல் உருளும் புகை இதில்தான் வரும், எல்லோரும் கேட்பதும் இதைத்தான். இது உறைந்த கரியமில வாயு, பூஜ்யத்துக்குக் கீழே 78 டிகிரி. வெறும் கையால் தொட்டால் தோல் சுட்டுவிடும். குளிருக்கான தடித்த கையுறை வேண்டும், மெல்லிய ரப்பர் கையுறை போதாது. இறுக மூடிய டப்பாவில் போட்டால் வெடிக்கும். காரில் கொண்டுவரும்போது ஜன்னல் திறந்திருக்க வேண்டும்.

ஒரு கிலோ டிரை ஐஸ் கரைந்தால் 500 லிட்டருக்கு மேல் வாயு. அது காற்றைவிட ஒன்றரை மடங்கு கனம், தாழ்ந்த இடத்தில் தேங்கும். இப்போது உங்கள் மேடையை யோசித்துப் பாருங்கள். வதம் முடிந்து சூரன் தரையில் கிடக்கிறான். பக்கவாட்டில் மிருதங்கம், ஆர்மோனியம், தாளம் எல்லோரும் சம்மணம் போட்டுத் தரையில். முன்வரிசையில் பாயில் குழந்தைகள். மூக்கு தரையருகே இருப்பவர்கள்தான் அந்த வாயுவை முதலில் இழுப்பார்கள். எட்டு மணி நேர வேலைக்கான பொது வரம்பு பத்து லட்சத்தில் 5,000 பங்கு. வெளிக்காற்றில் 400 சொச்சம்தான். புகை பிரமாதமாகத் தேங்கும் மேடையில் அந்த வரம்பு எளிதில் தாண்டிவிடும்.

எங்கள் மேடையில் இப்படி மாற்றினோம்: வாத்தியக்காரர்களை ஓரடி மேடைமேல் ஏற்றினோம். சூரன் விழுந்ததும் புகையை நிறுத்திவிட்டு, அவரைச் சேவற்கொடி, மயில் பின்னால் நகர்த்தி எழுப்பி அனுப்பினோம். கரியமில வாயு அளக்கும் சிறு கருவியை முழங்கால் உயரத்தில் தொங்கவிட்டோம். தலைவலி, மூச்சிரைப்பு, மயக்கம் வருகிறது என்று யார் சொன்னாலும் ஒத்திகையை நிறுத்தி, எல்லாக் கதவையும் திறந்து வெளியே வாருங்கள். மிச்சத்தைச் சமையலறைத் தொட்டியில் கொட்டாதீர்கள், குழாய் விரிசல் விடும். வெளியே, ஆள் வராத இடத்தில் தானாகக் கரைய விடுங்கள். அன்றைக்கு வேண்டியதை அன்றைக்கே வாங்குங்கள். நல்ல பெட்டியில் வைத்தாலும் ஓரிரு நாளில் பெரும்பகுதி போய்விடும், பணமும் அதோடு போகும்.

ஜெனரேட்டர் கட்டடத்துக்கு வெளியே, கதவு ஜன்னலுக்குத் தள்ளி. தாழ்வாரத்தில் வைத்தால் கார்பன் மோனாக்சைடு என்ற விஷ வாயு உள்ளே வரும், மணம் இருக்காது.

8. வேஷம்

முகத்துக்கென்று செய்த ஒப்பனைச் சாயம் மட்டும். சிவனுக்கு நீலம் வேண்டும் என்று போஸ்டர் பெயிண்ட் பூசுவதும், வெள்ளித் தேகத்துக்கு அலுமினியப் பெயிண்ட் பூசுவதும் இன்னும் நடக்கிறது. திருநீற்றுக்குப் பதில் சுண்ணாம்புத்தூள் பூசினால் வியர்வையில் தோல் வெந்துவிடும். ஊரிலிருந்து வந்த பழைய கூத்துப் பொடிகள் எவரிடமாவது இருந்தால் பூட்டி வையுங்கள்: மஞ்சளுக்குப் பயன்பட்ட அரிதாரத்தில் ஆர்சனிக், சிவப்புச் சாதிலிங்கத்தில் பாதரசம். விலை மலிந்த சில சிந்தூரப் பொடிகளில் ஈயம் இருந்தது அமெரிக்கச் சோதனைகளில் தெரியவந்திருக்கிறது.

ஒரு நாள் முன்னதாக முழங்கையின் உட்புறம் சிறிது தடவிப் பாருங்கள். மீசை ஒட்டும் பசை, ரப்பர் மூக்குக்கும் இதே சோதனை. ஒப்பனை அறையில் அசிட்டோன் திறந்திருக்கும்போது ஊதுவத்தி வேண்டாம். நாடகம் தொடங்குமுன் சாமி கும்பிடுவதை வேறு அறையில் வைத்துக்கொள்ளலாம்.

9. செலவு

தரவுத் தாளுக்குச் செலவில்லை. நைட்ரைல் கையுறைப் பெட்டி, தீப்போர்வை இரண்டும் சில நூறு ராண்ட். வடிகட்டியோடு அரை முகக்கவசம் தேடினால் ஆயிரத்துக்குள் கிடைக்கும். முதல்நிலை முதலுதவிப் பயிற்சிக்கு ஆளுக்கு ஆயிரம் ராண்டை ஒட்டி வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு பேரை அனுப்புங்கள், ஒருவருக்கு அன்று காய்ச்சல் வரும். அதிகம் போவது காப்பீடு, தீத்தடுப்புத் தெளிப்பு, அரங்கத்தின் கண்காணிப்பு ஆள் மூன்றுக்கும்தான். வாண வெடி ஆள் என்றால் ஆயிரக்கணக்கில் தனி. சேலை, நகை, மாலை, சாப்பாட்டுக்கு ஒதுக்கியதுபோக மிச்சத்தில் இதைப் பார்த்துக்கொள்ளலாம் என்றால் மிச்சமே இருக்காது. பட்ஜெட்டின் முதல் வரியாக எழுதுங்கள்.

10. அன்றைக்கும் மறுநாளும்

கதவு திறக்கும் முன் குழு முழுக்கக் கூட்டிப் பத்து நிமிடம் பேசுங்கள். ஆங்கிலத்தில் ஒருமுறை, பாட்டி தாத்தாக்களுக்குத் தமிழில் ஒருமுறை. மேடை உதவிக்கு வருபவர்களுக்கு ஜூலு பேசத் தெரிந்தவரை வைத்துச் சொல்லுங்கள், அவர்கள்தான் டப்பாக்களைத் தூக்குகிறார்கள். அணைப்பான் எங்கே, எது மின்சாரத்துக்கு, எது தட்டிக்கு, யார் 10177-ஐ அழைப்பார், கைபேசியிலிருந்து 112, எந்தக் கதவு வழியே யார் யாரை அழைத்துக்கொண்டு போவது. அணைப்பானில் கடைசிப் பராமரிப்புத் தேதியைப் பாருங்கள். ஒரு வருடத்துக்கு மேல் ஆகியிருந்தால் அரங்கத்திடம் வேறு கேளுங்கள்.

முடிந்த இரவே எல்லோரும் களைத்துப்போய்ச் சாப்பாட்டுக்குப் போவார்கள். ஆபத்தான பொருட்களுக்கு மட்டும் பொறுப்பான இருவர் பின்தங்கி, பட்டியலைக் கையில் வைத்து ஒவ்வொன்றாக எண்ணிப் பூட்ட வேண்டும். மிச்சப் பெயிண்டையும் தின்னரையும் தெருவோரச் சாக்கடையில் ஊற்றாதீர்கள், மழைநீர் வாய்க்கால் நேராக ஆற்றுக்கும் கடலுக்கும் போகிறது. சிறிது தண்ணீர் பெயிண்ட் என்றால் மணல் கலந்து இறுகவிட்டுக் குப்பையில் போடலாம். தின்னரையும் பாதி நிறைந்த ஸ்பிரே டப்பாக்களையும் நகராட்சிக் கழிவுத் துறை எங்கே எடுத்துக்கொள்ளும் என்று முன்னதாகவே கேட்டு வையுங்கள், அல்லது உரிமம் உள்ள கழிவு நிறுவனத்திடம் கொடுத்து ரசீது வாங்குங்கள். கொடுத்த ரசீதின் நகலைக் கோப்பில் சேர்த்துவிட்டு, அரங்கத்திடமிருந்து வைப்புத்தொகையைத் திரும்பக் கேளுங்கள். ரசீது இல்லாமல் சில இடங்களில் அது திரும்பாது.